படியேறிப் போன பாப்டிஸ்ட் கல்

சாலமோன், எஸ்தர், பெஞ்சமின், மூவருக்கும்.

நான் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று மூன்று பேருமாக என் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். அகப்பட்டது ஒரு வெல்ல உருண்டையும், அதைக் கப்பலிலேயே பாதி தின்று முடித்திருந்த எறும்புகளும்தான். "நைனா சும்மா போய் சும்மா வந்துக்கீறாரு" என்று பெஞ்சமின் தீர்ப்புச் சொன்னான். சும்மா போகவில்லை. ஒரு கல் நடப் போனேன். நடுவதற்கு முன்னால் அந்தக் கல் தானாக ஒரு பயணம் போய்விட்டது. அதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ரங்கூன் மர மில்லில் கட்டைகளின் சுற்றளவை அளந்து குறிப்பதே என் எழுத்து வேலை. பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கப்பலைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். கப்பலில் நான் பார்த்ததெல்லாம் ஒரு வாளியின் உட்புறம்.

சித்தூரில் நாங்கள் இருந்த காலத்தில் பாப்டிஸ்ட் சபைக்கு ஒரு சின்னக் கோவில் இருந்தது. ஓட்டுக் கூரை, ஒரு மணி, பின்பக்கம் படி வைத்துக் கட்டிய ஞானஸ்நானத் தொட்டி. பாப்டிஸ்ட்காரர்களுக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்தால் ஆகாது. ஆள் முழுக்க முங்கி எழ வேண்டும். குழந்தைகளுக்குக் கொடுக்கமாட்டார்கள். புத்தி தெரிந்து, தானாகக் கேட்டு, தானாக இறங்க வேண்டும். உங்களுக்கு முன்னால் பிறந்த உங்கள் அக்கா ரூத் அந்தத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "நான் எப்போ முங்குறது?" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பாள். "புத்தி வரட்டும்" என்பார் ஆபிரகாம் டீக்கன். சபையின் பெரியவர் அவர்தான். புத்தி வருவதற்குள் ஜுரம் வந்துவிட்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. தொட்டிக்குப் பின்னால் புதைத்தோம். அடுத்த வருஷம் நானும் அம்மாவும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினோம்.

பிறகு ஒரு மழையில் கோவில் சுவர் உட்கார்ந்துவிட்டதாம். மீந்த நாலைந்து குடும்பங்களும் பக்கத்துத் தெரு சபையோடு சேர்ந்துகொண்டார்கள். அது தெளிக்கிற சபை. காலி இடத்தில் சந்தை வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. தாலுகா ஆபீசில் அதை வண்டிப்பேட்டை என்றே எழுதிவிடலாம் என்று பேச்சு வந்தது. டீக்கன் மனுப் போட்டார். அதற்குத் தாசில்தார், "அங்கே கோவில் இருந்ததற்கு அடையாளம் வேண்டும். நாலு மாதம் கழித்து நான் ஒரு சனிக்கிழமை பார்வையிட வரும்போது எழுத்து வெட்டிய கல் நின்றால் அதைச் சுற்றி ஒரு சங்கிலி இடம் விடுகிறேன். நிற்காவிட்டால் வண்டிதான் நிற்கும்" என்றாராம். சங்கிலி என்றால் நில அளவைச் சங்கிலி. அந்த ஒரு சங்கிலிக்குள் ரூத் இருக்கும் இடமும் அடங்கும்.

டீக்கன் எழுதிய கடிதத்தை அம்மா இரண்டு தடவை படித்தாள். "அவ தலமாட்டுல வண்டி நிக்கக் கூடாது" என்றாள். ஆகவே கல்லுக்கு நான் பொறுப்பேற்றேன்.

கல்லைத் திருப்பதியில் வெட்டச் சொன்னோம். தமிழ் எழுத்து சுத்தமாக வெட்டுகிற ஆசாரி அங்கேதான் இருந்தார். வாசகம் டீக்கன் எழுதிக்கொடுத்தது: "இவ்விடத்தில் பாப்டிஸ்ட் சபையின் ஆலயம் இருந்தது." கீழே ரூத் பெயரையும் போடலாமா என்று கேட்டு எழுதினேன். "முழுக்குப் பெறாதவர் பெயர் சபை அங்கத்தினர் ரோலில் இல்லை. ரோலில் இல்லாத பெயர் கல்லில் ஏறாது" என்று பதில் வந்தது. சரி என்று எழுதிவிட்டு, ஆசாரிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டேன்: கீழ் மூலையில், சின்னதாக, ரூத் என்று வெட்டவும். இப்படி அப்பா செய்யலாமா என்று எஸ்தர் கேட்பாள். கேட்காதே.

செவ்வாய்க்கிழமை காலையில் சித்தூர் போய்ச் சேர்ந்தேன். டீக்கன் வீட்டில் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் போட்டார்கள். ரங்கூனில் மீன்சாறு தின்று பழகிய நாக்குக்குக் களி முதல் உருண்டை வரை அந்நியம்; இரண்டாவது உருண்டையில் சொந்தமாகிவிட்டது. டீக்கன் மெலிந்திருந்தார். தடித்த கண்ணாடி. கக்கத்தில் துணி சுற்றிய ஒரு நோட்டு. சபை ரோல். சபை போய்விட்டது, ரோல் போகவில்லை.

இடத்தைப் பார்க்கப் போனோம். வைக்கோல், சாணி, பத்துப் பன்னிரண்டு வண்டிகள். கோவில் வாசல் இருந்த இடத்தில் ஒருவர் அச்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஞானஸ்நானத் தொட்டி மட்டும் சிதையாமல் நின்றது. அதில் இரண்டு காளைகள் படியில் இறங்கி, கழுத்து வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன.

வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "நல்ல தொட்டி சார் இது. படி கூட வெச்சு கட்டிக்கீறான் பாரு. மாடு தானா எறங்கி தானா ஏறுது. எந்த மகராசன் கட்டினானோ!" என்றார்.

டீக்கன் காளைகளைக் காட்டினார். "நாம தெளிக்கிறவங்களோட சேந்துட்டோம் மனாசே. இங்க மாடுங்கதான் நம்ம கொள்கைய காப்பாத்திக்கினு கீது" என்றார்.

தொட்டிக்குப் பின்னால் நட்டிருந்த மரச் சிலுவையைக் கறையான் தின்றிருந்தது. நான் அடி அளந்து, தொட்டியிலிருந்து ஏழு அடி, இடது பக்கம், என்று நின்றேன். என் அளவு தப்பாது. அந்த இடத்தில் ஒரு வண்டிச் சக்கரம் நின்றுகொண்டிருந்தது. "இத்த கொஞ்சம் நகத்துறீங்களா?" என்று கேட்டேன். வண்டிக்காரர் ஏன் என்று கேட்காமல் நகர்த்தினார். வேறொரு வண்டி உடனே அங்கே வந்து நின்றது.

புதன்கிழமை திருப்பதி ரயில். வண்டி முழுக்க வேண்டுதல்காரர்கள். எனக்கு உட்கார அரைச் சாண் இடம் கிடைத்தது, மீதியை எதிரே இருந்த ஒரு அம்மாவின் பித்தளைத் தூக்கு எடுத்துக்கொண்டது. பாகாலாவில் ரயில் நின்றுகொண்டே இருந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கோவிந்தா என்றார்கள், அதையே பதிலாகவும் எடுத்துக்கொண்டார்கள். தூக்குக்கார அம்மா எனக்குத் தயிர்சாதம் கொடுத்து, "மொட்டை போடவா போறே?" என்றாள். "கல்லு எடுக்கப் போறேம்மா" என்றேன். "படிக்கல்லா? மகா புண்ணியம்" என்று இன்னொரு கவளம் வைத்தாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது.

திருப்பதி ஸ்டேஷனில் இறங்கியதும் மூன்று நாவிதர்கள் என் தலைமேல் உரிமை கொண்டாடினார்கள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கல்தச்சர் கொட்டகைக்கு ஓடினேன். வழியில் ஒரு கோவில் யானை. நெற்றியில் பட்டம், காலில் சதங்கை, தும்பிக்கையால் ஆசீர்வாதம். நம் மில்லில் யானைகள் நாளெல்லாம் தேக்குக் கட்டை அடுக்குகின்றன. ஒருவர்கூட அவற்றைக் கும்பிட்டதில்லை. வேலை செய்யாமல் நிற்பதில் எவ்வளவு மரியாதை பாருங்கள். இதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் பின்பற்ற வேண்டாம்.

கொட்டகையில் நாகலிங்காச்சாரி என்னைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தார்.

"ரங்கூன் பாபுவா? உக்காரு பாபு. தண்ணி குடி. மொதல்ல தண்ணி குடி."

குடித்தேன்.

"உன் கல்லு மலைக்குப் போயிடுச்சு."

அலிபிரியிலிருந்து மலைக்கு ஏறும் வழியில் வேண்டுதல்காரர்கள் படிக்கல் போடுவது வழக்கம். கல்லில் பெயரையும், கைகூப்பி நீளமாகப் படுத்துக் கும்பிடுகிற தங்கள் உருவத்தையும் வெட்டிவைப்பார்கள். ஏறுகிறவர்கள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். ஆசாரியின் தினப்படி வேலை இதுதான். நம் கல்லும் படிக்கல் அளவுதான். நாலு அடி நீளம், நீளவாட்டில் எழுத்து. பலமனேர் வெல்ல வியாபாரி ஒருவருடைய படிக்கல்லும் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது, இன்னும் எழுத்து வெட்டாமல்.

"அப்போ எழுத்து இல்லாத கல்ல விட்டுட்டு ஏன் எங்க கல்ல எடுத்தாங்க?"

"கூலிங்க எழுத்த பாக்க மாட்டானுங்க பாபு, பொம்மையத்தான் பாப்பானுங்க. பொம்மை இருந்தா படிக்கல்லு."

"எங்க கல்லுல ஏது பொம்மை?"

ஆசாரி தலையைச் சொறிந்தார். "நீதானே கீழ ஒரு பொண்ணு பேரு போடச் சொன்னே. போட்டேன். பேரு மட்டும் மொட்டையா இருந்திச்சு. மனசு கேக்கல. சின்னதா ஒரு பொண்ணு படுத்துக் கும்பிடற மாதிரி போட்டுட்டேன். அதுக்குத் தனியா ஒண்ணும் கேக்கலியே நானு!"

ஆக, கல் மலையேறியதற்குக் காரணம் கூலிக்காரரோ ஆசாரியோ அல்ல. டீக்கனுக்குத் தெரியாமல் நான் போட்ட கடிதம். கையில் இருந்தது வியாழன், வெள்ளி, இரண்டே நாள்.

"காலைல ரெண்டு ஆளும் கடப்பாரையும் கூட்டிக்கினு போவலாம். பேத்துடலாம்" என்றார் ஆசாரி. அன்று அவர் கொட்டகையிலேயே படுத்தேன். தலைக்கு ஒரு அரைகுறை நந்தி.

வியாழக்கிழமை விடிந்ததும் அலிபிரி. படியில் கால் வைக்கும் முன் ஆசாரி என் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கையிலும் ஆகாது என்றார். கீழே ஒரு பூக்காரியிடம் விட்டேன். பாப்டிஸ்ட் சபை உறுப்பினன், வெறுங்காலோடு, முன்னால் இரண்டு கடப்பாரை, சுற்றிலும் கோவிந்தா. டீக்கன் பார்த்திருந்தால் ரோலை அங்கேயே பிரித்து என் பெயரை அடித்திருப்பார்.

கொஞ்ச தூரத்திலேயே, ஒரு சாய்ந்த புளியமரத்துக்கு எதிரே, நம் கல் இருந்தது. ஆனால் எழுத்தைக் காணோம். மேல்படியின் விளிம்பு கல்லின் பாதியை மூடியிருந்தது. பாப்டிஸ்ட் சபை, ஆலயம், இருந்தது, எல்லாம் மேல்படிக்கு அடியில் போய்விட்டன. வெளியே தெரிந்தது கீழ் ஓரம் மட்டும்தான். படுத்துக் கும்பிடும் ஒரு சின்னப் பெண். பக்கத்தில் ரூத்.

அந்தப் படியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு சிறுமி உட்கார்ந்து வேகவைத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தபடி வந்து அந்தப் படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் தொப்பையும் துண்டுமாக ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆசாரி என் கையைக் கிள்ளினார்.

"வெல்ல வியாபாரி. பேசாம இரு. அவங்க போனப்பறம் பேக்கலாம்."

வியாபாரி விடுவதாயில்லை. இனி அவர்கள் பேசுவதெல்லாம் தெலுங்கு. நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஏமய்யா ஆசாரி, நானும் என் சம்சாரமும் ஜோடியா கும்பிடற மாதிரி கேட்டேன். ஒரு குழந்தையை வெட்டியிருக்கிறாயே?"

"வேண்டுதல் குழந்தைக்குத்தானே சாமி? அதனால குழந்தையையே போட்டேன். இது நம்ம அலமேலு" என்றார் ஆசாரி, கண் சிமிட்டாமல்.

வியாபாரியின் முகம் மலர்ந்துவிட்டது. அலமேலுவுக்குப் போன வருஷம் ஜுரம் வந்து, பிழைக்காது என்று வைத்தியர் கைவிட்டு, பிழைத்துக்கொண்டாளாம். அதற்குத்தான் இந்தப் படி. "ஆனால் எழுத்து ஏன் அரவத்தில் இருக்கிறது?" என்று சந்தேகம் கேட்டார். அரவம் என்றால் நம் தமிழ். ஆசாரி இதற்கும் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அரவம்தானே? என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்."

ஆசாரி மறுபடியும் கிள்ளினார். அலமேலு என்று படித்திருந்தால் அவர்கள் மேலே போயிருப்பார்கள், கடப்பாரை வேலை நடந்திருக்கும், கல்லோடு நான் மாலை ரயிலைப் பிடித்திருப்பேன். அந்தக் குழந்தை கடலைத்தோலைத் துப்பிவிட்டு எழுத்துப் பள்ளத்தில் விரலை விட்டு இழுத்துக்கொண்டிருந்தது.

"ரூத்" என்று படித்தேன்.

"அது யார்?"

"என் மகள்."

கல் எப்படி இங்கே வந்தது என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். வியாபாரி ஆசாரியைத் திட்டுவதற்கு மூச்சை இழுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"அவளுக்கு என்ன?"

"ஜுரம்."

"எத்தனை வயசு?"

"அஞ்சு."

அந்த அம்மா தன் மகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, படுத்திருக்கும் பெண்ணின் நெற்றியில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தாள். கடப்பாரைக்காரர்களைப் பார்த்து, "படுத்திருக்கிற பிள்ளையை எழுப்புவீர்களா? கீழே போங்கள்" என்றாள். அவர்கள் என்னைக் கேட்காமலே போய்விட்டார்கள்.

நான் ஒரு பாப்டிஸ்ட் என்ற முறையில் அங்கே ஆட்சேபித்திருக்க வேண்டும். ஆட்சேபம் எல்லாம் மனசில் சரியாகவே இருந்தது; வாய்க்குத்தான் வரவில்லை. "சனிக்கிழமைக்குள் எனக்குக் கல் வேண்டுமே" என்று மட்டும் சொன்னேன்.

"என் கல் கொட்டகையில் சும்மாதானே கிடக்கிறது? எடுத்துப் போங்கள்" என்றார் வியாபாரி. "உங்கள் சாமிக்குப் பலமனேர்க்காரன் கல் ஒத்துக்கொள்ளுமா?"

"ஒத்துக்கும்."

"குங்குமம் வைப்பீர்களா?"

"இல்லை."

"பூ?"

"இல்லை."

"பாவம் அந்தக் கல்" என்றார். பிறகு ஆசாரியை அங்கேயே உட்காரவைத்து, ரூத்துக்குப் பக்கத்தில் தெலுங்கில் அலமேலு என்று வெட்டவைத்தார். அந்தச் சத்தம் முடியும் வரை குழந்தை கடலை தின்றது. கிளம்பும்போது அந்த அம்மா எனக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுத்து, "ரூத்துக்குத் தம்பி தங்கை உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். நீங்கள் பெட்டியில் கண்டெடுத்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஆசாரி புதுக் கல்லில் வாசகம் வெட்டினார். நான் ஒவ்வொரு எழுத்தையும் கூடவே படித்தேன். கடைசியில் கீழ் மூலையைத் தட்டி, "பேரு?" என்றார்.

"வேணாம் ஆசாரி. அது மேல கீது."

"பொம்மை?"

"ஐயோ, வேணவே வேணாம்."

மாலை ரயிலில் கார்டின் சாமான் பெட்டியில் கல்லை ஏற்றினோம். பாகாலாவில் வண்டி மாற்றக் கல்லைப் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்துவிட்டு காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கல்லின்மேல் ஒரு முழம் கனகாம்பரம். பக்கத்தில் கற்பூரத்துக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டு ஒரு பெரியவர். "திருப்பதிலேந்து வர்ற கல்லுதானே?" என்றார். "ஆமாம், ஆனா பாப்டிஸ்ட்" என்றேன். "எந்தச் சாமியா இருந்தா இன்னா" என்று தீக்குச்சியைக் கிழித்தார். ரயில் வந்து காப்பாற்றியது.

சனிக்கிழமை காலையில் செங்கல் மேடை கட்டி, சுண்ணாம்பு காய்வதற்குள் கல்லை நிறுத்தினோம். டீக்கன் புது வேட்டியும் கக்கத்தில் ரோலுமாக வந்தார். முகத்தில் கண்ணாடி இல்லை.

"கண்ணாடி எங்க ஐயா?"

"மறந்துட்டேன்" என்றார் வெடுக்கென்று.

அந்தக் கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தன் வீட்டு வாசல் தெரியாது. எப்படி மறந்தார் என்று யோசிப்பதற்குள் தாசில்தாரின் குதிரைவண்டி வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"கல் இருக்கிறதா?"

"இருக்குங்க" என்றார் குமாஸ்தா.

"எழுத்து?"

"இருக்குங்க."

"என்ன எழுத்து?"

குமாஸ்தா கல்லைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "நல்ல எழுத்துங்க" என்றார். குதிரைவண்டி போய்விட்டது. ரங்கூனிலிருந்து நான் வாளியோடு வந்தது இதற்குத்தான். பின்னால் வந்த ஆள் சங்கிலியைப் பிடித்து நாலு மூலைக்கும் முளை அடித்தான். வண்டிகள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறின. தொட்டியிலிருந்து ஏழு அடி, இடது பக்கம், வெறும் மண் தெரிந்தது. ஒரு காளை மட்டும் திரும்பி வந்து கல்லில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது.

எல்லாரும் போனபின் டீக்கன் மேடைக்கு முன்னால் மண்டியிட்டு, கல்லைக் கையால் தடவினார். இவ்விடத்தில். பாப்டிஸ்ட். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக் கீழ் மூலைக்கு வந்தது. தடவியது. மறுபடியும் தடவியது. அடுத்த மூலைக்குப் போய் அங்கேயும் தடவியது.

"மனாசே, இங்க ஒண்ணும் இல்லியே?"

"ரோல்ல இல்லாத பேரு கல்லுல ஏறாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேன். நான் எழுதினா நீ கேட்டுடுவியா? எப்டியும் வெட்டிக்கினுதான் வருவேன்னு நெனச்சேன். அதுக்குத்தானேடா கண்ணாடிய வூட்ல வெச்சுட்டு வந்தேன்!"

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆசாரி, பொம்மை, கடப்பாரை, வெல்லம். கேட்டுக்கொண்டே போய்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார்.

"குங்குமமா வெச்சாங்க?"

"ஆமாய்யா."

"மஞ்சளும்?"

"மஞ்சளும்தான்."

பிரசங்கம் வரும் என்று நான் தயாராக நின்றேன்.

"எங்க கீது அந்தப் படி?"

"அலிபிரிலேந்து கொஞ்ச தூரம். சாஞ்ச புளியமரத்துக்கு எதிர்ல."

கக்கத்து நோட்டைத் துணி நீக்கிப் பிரித்தார். பெயர்கள் முடிந்து வெற்றுக் கோடுகள் தொடங்கும் பக்கத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். நோட்டை என் பக்கம் திருப்பி, பென்சிலை நீட்டினார்.

"நீயே எழுது."

எழுதினேன். ஊதி மூடினார், துணி சுற்றினார், கக்கத்தில் வைத்தார்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார். "என்கிட்டதான் கண்ணாடி இல்லியே."